யூ-பூட்ல டிரைவர் மாடல் ஆப்ஷன் செட் பண்றது எப்படி: எஸ்பிஎல்ல இருந்து டிஎம் ட்ரீ வரைக்கும்

புது போர்டு ஒண்ணுக்கு யூ-பூட் (போர்டு ஆன் ஆனதும் ஓடி லினக்ஸ ஏத்தற பூட்லோடர்) கொண்டு வரணும்னு உக்காந்தா, பில்ட் ஆப்ஷன தேர்ந்தெடுக்கற மெனுகான்ஃபிக்ல டிவைஸ் டிரைவர்ஸ், அதுக்குள்ள ஜெனரிக் டிரைவர் ஆப்ஷன்ஸ்னு ஒரு மெனு வரும். அதுல டிஎம்னு (டிரைவர் மாடலோட சுருக்கம்) ஆரம்பிக்கிற ஆப்ஷன்லாம் வரிசையா நிக்கும், அதே ஆப்ஷன் முன்னாடி எஸ்பிஎல் (மெயின் யூ-பூட்ட ஏத்தறதுக்கு முன்னாடி ஓடற சின்ன ப்ரோகிராம்) ஒட்டிக்கிட்டு இன்னொரு தடவ வரும், சில சிப்புக்கு டிபிஎல் (எஸ்பிஎல்லுக்கும் முன்னாடி ஓடற இன்னும் சின்ன ப்ரோகிராம்) ஒட்டிக்கிட்டு மூணாவது தடவையும் வரும். நிறைய பேரு இதுல தெரிஞ்ச பேரா பாத்து எல்லாத்தையும் ஆன் பண்ணிட்டு பில்ட் போட்டு போர்டுல ஏத்திப் பாப்பாங்க, கன்சோல்ல ஒரு எழுத்து கூட வராது. பில்டுல எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல, போர்டு மட்டும் ஊமையா இருக்கும்.

ஏன்னா இந்த ஆப்ஷன் எதுவும் தனியா நின்னு வேலை செய்யாது. ஒரு டிவைஸ் எந்திரிக்கணும்னா ஒரே ஸ்டேஜ்ல மூணு விஷயம் சேரணும். அந்த வகை டிவைஸுக்கான யூகிளாஸ் (ஒரே வகை டிவைஸுக்கெல்லாம் பொதுவான கோடு) ஆன்ல இருக்கணும், டிரைவர் அந்த ஸ்டேஜுக்கு கம்பைல் ஆகியிருக்கணும், டிவைஸ் ட்ரீ (போர்டுல என்னென்ன ஹார்ட்வேர் இருக்குன்னு சொல்ற பட்டியல்) நோடு அந்த ஸ்டேஜ் வரைக்கும் வெட்டுப்படாம வந்து சேரணும். மூணுல ஒண்ணு இல்லன்னா பெரும்பாலும் எர்ரரே வராது, டிவைஸ் இருந்த சுவடே இருக்காது. அதனால "எந்த ஆப்ஷன ஆன் பண்ணணும்"னு கேக்காம "இந்த டிவைஸ் எந்த ஸ்டேஜ்ல வேணும்"னு கேளுங்க, மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வரும்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், ஆப்ஷன் பேருல முதல்ல வர்ற கான்ஃபிக்_ங்கிறத விட்டுட்டுத்தான் எழுதறேன், மெனுகான்ஃபிக்ல ஸ்லாஷ் தட்டி தேடும்போதும் அது இல்லாமலே தேடலாம்.

கொஞ்சம் பின்னணி

டிரைவர் மாடல் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு சப்சிஸ்டத்துக்கும் குளோபல் ஃபங்ஷன்தான். ரெண்டு வேற வேற எஸ்பிஐ கன்ட்ரோலருக்கு டிரைவர் இருந்தா ரெண்டும் ஒரே பேருல ஃபங்ஷன் வெச்சிருக்கும், ஒரே பைனரில ரெண்டையும் லிங்க் பண்ண முடியாது. எந்த போர்டு, எந்த அட்ரஸ்ங்கிறதெல்லாம் ஹெடர் ஃபைல்ல மேக்ரோவா கெடக்கும். 2012 வாக்குல இத சரி பண்ண டிசைன் பேச்சு ஆரம்பிச்சு, 2014ல சைமன் கிளாஸ் கையால மெயின்லைனுக்குள்ள வந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு சப்சிஸ்டத்துக்கும் கெடு வெச்சாங்க, எம்எம்சிக்கு 2019.04 ரிலீஸ், யூஎஸ்பிக்கு 2019.07, ஈதர்நெட்டுக்கு 2020.07, ஐ2சிக்கு 2021.10. கெடு தாண்டின போர்ட பில்ட் பண்ணா பெருசா ஒரு வார்னிங் கத்தும். அதனால இப்ப மெயின் யூ-பூட்ல டிஎம் வேணுமா வேணாமான்னு பேச்சே இல்ல, உண்மையான முடிவெல்லாம் எஸ்பிஎல், டிபிஎல் பக்கம்தான் எடுக்கணும், அங்கதான் இடம் இல்லாம நெருக்கடி.

ஸ்டேஜ்னு நான் சொல்றது எதுன்னா, முதல்ல டிபிஎல் (இருந்தா), அடுத்து எஸ்பிஎல், அடுத்து மெயின் யூ-பூட் ரீலொகேஷனுக்கு (யூ-பூட் தன்னையே டிராம்ல வேற இடத்துக்கு நகத்திக்கறது) முன்னாடி, கடைசியா ரீலொகேஷனுக்கு அப்புறம். இந்த ஒவ்வொரு இடத்துலயும் டிரைவர் மாடல் முதல்ல இருந்து மறுபடி ஆரம்பிக்குது. எஸ்பிஎல்ல ப்ரோப் ஆன, அதாவது வேலைக்கு தயாரான சீரியல் போர்ட்டுக்கும் மெயின் யூ-பூட்ல இருக்கிற சீரியல் போர்ட்டுக்கும் மெமரில ஒரு சம்பந்தமும் கிடையாது. மெயின் யூ-பூட்டுக்குள்ளயே ரீலொகேஷனுக்கு முன்னாடி கட்டின டிவைஸ் பட்டியல தூக்கிப் போட்டுட்டு அப்புறமா ஃபுல்லா புதுசா கட்டும்.

போர்டத் தொடறதுக்கு முன்னாடி சாண்ட்பாக்ஸ்

இத செய்யாம நேரா போர்டுக்குப் போறவங்கதான் ஜாஸ்தி, அவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது, ஆனா சாண்ட்பாக்ஸுக்கு, அதாவது போர்டு இல்லாம லினக்ஸ் மெஷின்லயே ஓடற யூ-பூட்டுக்கு, அரை மணி நேரம் குடுத்தா பின்னாடி நிறைய நேரம் மிச்சம். லினக்ஸ் மெஷின்ல மேக் சாண்ட்பாக்ஸ்_டெஃப்கான்ஃபிக், அப்புறம் மேக். எஸ்டிஎல் லைப்ரரி இல்லன்னு கத்துனா மேக்கோட நோ_எஸ்டிஎல்=1 சேத்துக்குங்க. வர்ற யூ-பூட் பைனரிய மைனஸ் பெரிய டி (-T), அதாவது டெஸ்ட் டிவைஸ் ட்ரீயோட ஓட்டற ஆப்ஷன் குடுத்து ஓட்டுனா சாதா ப்ரோகிராம் மாதிரி டெர்மினல்ல யூ-பூட் ப்ராம்ப்ட் வந்துடும்.

அங்க டிஎம் ட்ரீ-ன்னு அடிங்க. அஞ்சு காலம் வரும், கிளாஸ், இண்டெக்ஸ், ப்ரோப்டு, டிரைவர், நேம். மூணாவது காலத்துல சில வரில [ + ] இருக்கும், சிலதுல வெறும் [   ] இருக்கும். ப்ளஸ் இல்லாதத பாத்து டிவைஸ் ஃபெயிலாயிடுச்சுன்னு நெனச்சுடாதீங்க. யூ-பூட் ஒரு டிவைஸ பைண்ட் பண்றது வேற, ப்ரோப் பண்றது வேற. பைண்ட்னா நோட பாத்து டிரைவரோட சேத்து ட்ரீல ஒரு இடம் குடுக்கறது, ஹார்ட்வேர தொடறதே இல்ல. யாராவது முதல் தடவ அந்த டிவைஸ கேக்கும்போதுதான் டிவைஸ் ட்ரீல இருந்து விவரம் படிச்சு, பேரண்ட ப்ரோப் பண்ணி, பின்கன்ட்ரோல், கிளாக்லாம் செட் பண்ணி, டிரைவரோட ப்ரோப் ஃபங்ஷன கூப்பிடும். லினக்ஸ் கெர்னல்ல இருந்து வர்றவங்க குழம்பற இடம் இதுதான், அங்க டிரைவர் மேட்ச் ஆன உடனே ப்ரோப் ஓடிடும், இங்க கேட்டாத்தான் ஓடும். சாண்ட்பாக்ஸ்லயே ப்ரோப் ஆகாத ஐ2சி பஸ் ஒண்ண எடுத்து ஐ2சி டெவ் கமாண்ட் குடுத்துட்டு மறுபடி டிஎம் ட்ரீ அடிங்க, அந்த வரில ப்ளஸ் வந்திருக்கும்.

டிஎம் யூகிளாஸ், டிஎம் டிரைவர்ஸ், டிஎம் கம்பாட் இந்த மூணும் அப்படியே ஒரு தடவ அடிச்சு பாத்துடுங்க. கடைசி ஒண்ணு எந்த டிரைவர் எந்த கம்பாட்டிபிள் ஸ்ட்ரிங்குக்கு மேட்ச் ஆகும்னு பட்டியல் போடும், பின்னாடி உதவும். உங்க போர்டுல இந்த கமாண்ட் வேணும்னா சிஎம்டி_டிஎம் ஆன் பண்ணணும், பிரிங்கப் (புது போர்ட முதல் தடவ எழுப்பற வேலை) முடியற வரைக்கும் இத ஆஃப் பண்ணாதீங்க.

இப்ப போர்டோட டெஃப்கான்ஃபிக்

உங்க சிப் இருக்கிற ஏதாவது ஒரு போர்டோட டெஃப்கான்ஃபிக்க (அந்த போர்டுக்கான ஆப்ஷன் பட்டியல் ஃபைல்) எடுத்து காப்பி அடிச்சு ஆரம்பிங்க, வெறும் கையில இருந்து கட்ட வேணாம். மேக் போட்டு, மெனுகான்ஃபிக் தொறந்து, ஸ்லாஷ் தட்டி ஆப்ஷன் பேர தேடுனா டிபெண்ட்ஸ் ஆன், செலக்டட் பை ரெண்டையும் காட்டும். ரெண்டாவது முக்கியம், வேற ஏதோ ஆப்ஷன் செலக்ட் பண்ணி வெச்சிருந்தா நீங்க எத்தன தடவ ஆஃப் பண்ணாலும் திரும்பி வந்து நிக்கும்.

டெஃப்கான்ஃபிக் ஃபைல்லயே நேரா கையால வரி எழுதறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிபெண்டன்சி சரியில்லாத ஆப்ஷன அங்க எழுதுனா கேகான்ஃபிக் அத ஓரமா தள்ளிட்டு போயிடும், ஒரு வார்த்தை சொல்லாது. எஸ்பிஎல்_டிஎம் ஆஃப்ல இருக்கும்போது எஸ்பிஎல்_டிஎம்_சீரியல்னு எழுதி வெச்சா ஃபைல்ல வரி இருக்கும், பைனரில எதுவும் இருக்காது. அதனால ஒவ்வொரு தடவையும் மேக் டெஃப்கான்ஃபிக் ஓட்டுனதும் டாட் கான்ஃபிக் ஃபைல்ல கிரெப் பண்ணி பாருங்க, அங்க இருக்கறதுதான் உண்மை. எல்லாம் சரியானதும் மேக் சேவ்டெஃப்கான்ஃபிக் ஓட்டி வர்ற சின்ன ஃபைல கான்ஃபிக்ஸ் ஃபோல்டர்ல போட்டுக்கலாம்.

அடிப்படை ஆப்ஷன்ல முதல்ல ஓஎஃப்_கன்ட்ரோல், அதாவது டிவைஸ் ட்ரீய வெச்சு யூ-பூட் தன்னையே செட் பண்ணிக்கிறது. டிஃபால்ட்_டிவைஸ்_ட்ரீ-ல உங்க டிடிஎஸ் (டிவைஸ் ட்ரீயோட சோர்ஸ்) ஃபைல் பேரு. டிடிபி, அதாவது அத கம்பைல் பண்ண வடிவம், எங்க இருந்து வரும்ங்கிறதுக்கு ஓஎஃப்_செபரேட் போதும், யூ-பூட் பைனரி பின்னாடி டிடிபிய ஒட்டிக்கும். முன்ன ஸ்டேஜ்ல இருக்கிற வேற ஃபர்ம்வேர் டிடிபி குடுக்குதுன்னா ஓஎஃப்_போர்டு. ஓஎஃப்_எம்பெட் டீபக்குக்கு மட்டும்னு அதோட ஹெல்ப் டெக்ஸ்ட்லயே இருக்கு, ப்ரொடக்ஷன்ல அத வெக்காதீங்க.

டிஎம்_வார்ன் ஆன்ல வெங்க. எதிர்பாத்த டிவைஸ் பைண்ட் ஆகலன்னா சொல்றதுக்கு இருக்கிற ஆப்ஷன் அது, ஆஃப் பண்ணா அந்த மெசேஜ் கோடே பைனரில இருக்காது. எஸ்பிஎல்லுக்கு எஸ்பிஎல்_டிஎம்_வார்ன் தனி. டிஎம்_டீபக் எப்பவும் வேணாம், கோர் பேசுற பேச்சுல கன்சோல் ரொம்பிடும், சிக்கல் வர்றப்ப மட்டும் போட்டுக்கலாம்.

எஸ்பிஎல்ல சீரியல், அடி முதல் நுனி வரைக்கும்

ஒரே ஒரு டிவைஸ எடுத்து முழுசா பாத்துட்டா மத்ததெல்லாம் அதே கதைதான், அதனால சீரியலயே எடுத்துக்கலாம். 16550 வகை யூஆர்ட் (சீரியல் போர்ட்ட ஓட்டற ஹார்ட்வேர்), சிம்பிள்-பஸ் நோடுக்குள்ள உக்காந்திருக்கு, கிளாக் ஒரு கிளாக் கன்ட்ரோலர்ல இருந்து வருது, பின் மக்ஸ் பண்ணணும்னு வெச்சுக்கலாம். மெயின் யூ-பூட்ல பேனர் அழகா வருது, எஸ்பிஎல்ல மட்டும் ஒண்ணும் வரல.

மெயின் யூ-பூட்ல வந்துடறதுக்கு ஒரு காரணம் இருக்கு. அங்க கன்சோல் தேடுற கோடு சோசன் நோடுல இருக்கிற எஸ்டிடிஅவுட்-பாத்-ஐ பாத்து, அந்த நோடு ரீலொகேஷனுக்கு முன்னாடி பைண்ட் ஆகணும்னு டேக் போடலன்னாலும் பரவால்லன்னு தானே பைண்ட் பண்ணிக்கும். எஸ்பிஎல்ல அந்த சலுகை பலிக்காது, ஏன்னா டேக் இல்லாத நோடு எஸ்பிஎல்லோட டிடிபிலயே இருக்காது, இல்லாதத எப்படி பைண்ட் பண்ணும்.

ஆப்ஷன் பக்கம் இருந்து வருவோம். எஸ்பிஎல்_டிஎம், எஸ்பிஎல்_ஓஎஃப்_கன்ட்ரோல், எஸ்பிஎல்_சீரியல், எஸ்பிஎல்_டிஎம்_சீரியல், டிரைவருக்கு சிஸ்_என்எஸ்16550. யூஆர்ட் ஒரு பஸ்ஸுக்குள்ள இருக்கறதால எஸ்பிஎல்_சிம்பிள்_பஸ்-ஸும் வேணும், இதத்தான் அதிகமா மறக்கறாங்க. பஸ் பைண்ட் ஆகலன்னா அதோட புள்ளைங்க யாரையும் யூ-பூட் எட்டிப் பாக்காது. கிளாக்குக்கு எஸ்பிஎல்_சிஎல்கே, பின்னுக்கு எஸ்பிஎல்_பின்கன்ட்ரோல். சிப்புக்குள்ள இருக்கிற பூட் ரோமே (ROM) பின்னயும் கிளாக்கயும் செட் பண்ணிக் குடுத்துடுதுன்னா இந்த ரெண்டும் இல்லாமலே ஓட்டலாம், நோடுல கிளாக்-ஃப்ரீக்வென்சி ப்ராப்பர்ட்டிய நேரா எழுதிட்டா போதும், எஸ்பிஎல்ல நல்லா இடம் மிச்சமாகும்.

கம்பைல் ஆச்சான்னு எப்படி தெரியும்? பில்ட் முடிஞ்சதும் எஸ்பிஎல் ஃபோல்டருக்குள்ள டிரைவர்ஸ், அதுக்குள்ள சீரியல் ஃபோல்டர்ல போய் என்எஸ்16550-க்கு ஆப்ஜெக்ட் ஃபைல் இருக்கான்னு பாருங்க. ஃபோல்டரே இல்லன்னா எஸ்பிஎல்_சீரியல் ஆஃப், ஃபோல்டர் இருந்து ஃபைல் இல்லன்னா டிரைவர் ஆப்ஷன் ஆஃப். ஃபைலும் இருக்குன்னா எஸ்பிஎல்லோட மேப் ஃபைல்ல யூ_பூட்_லிஸ்ட், டிரைவர் ரெண்டும் வர்ற வரிகளுக்குள்ள அந்த டிரைவர் பேர தேடுங்க. யூ-பூட்ல டிரைவர் எல்லாம் லிங்கர் கட்டற ஒரு லிஸ்ட்லதான் உக்காரும், ஸ்டார்ட்டப்ல அந்த லிஸ்ட்ட பாத்துதான் கம்பாட்டிபிள் மேட்ச் பண்ணும். அந்த லிஸ்ட்ல பேரு இருந்தா டிரைவர் பக்கம் வேலை முடிஞ்சுது.

அடுத்தது நோடு. எஸ்பிஎல்லுக்கு டிடிபி தயார் பண்ணும்போது எஃப்டிடிகிரெப்னு ஒரு டூல் ஃபுல் டிடிபிய எடுத்து டேக் போட்ட நோட மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்த வெட்டிடும், சோசன் நோடு மாதிரி சிலது டேக் இல்லாமலே தப்பிச்சுடும். அந்த டேக்தான் பூட்பிஹெச்-ஆல், பூட்பிஹெச்-ப்ரீ-ராம் இதெல்லாம். முதல் ஒண்ணு எல்லா ஸ்டேஜுக்கும், ரெண்டாவது எஸ்பிஎல்லுக்கு, பூட்பிஹெச்-ப்ரீ-எஸ்ராம் டிபிஎல்லுக்கு, பூட்பிஹெச்-சம்-ராம் மெயின் யூ-பூட் ரீலொகேஷனுக்கு முன்னாடி. பழைய வெண்டர் கோடுல யூ-பூட்,டிஎம்-எஸ்பிஎல், யூ-பூட்,டிஎம்-ப்ரீ-ரீலாக்னு பாப்பீங்க, அது 2023க்கு முந்தின பேரு, புது யூ-பூட்டுக்கு அந்த டிடிஎஸ்ஸ கொண்டு வந்தா மாத்திடுங்க.

யூஆர்ட் நோடுக்கு மட்டும் டேக் போட்டா பத்தாது. அது உக்காந்திருக்கிற பஸ் நோடு, அது கை காட்டற கிளாக் கன்ட்ரோலர், பின்கன்ட்ரோல் நோடு, அதுக்குள்ள இருக்கிற அந்த குறிப்பிட்ட பின் குரூப் எல்லாத்துக்கும் வேணும். புது வெர்ஷன்ல புள்ளைக்கு போட்ட டேக் பேரண்டுக்கும் ஏறிக்கும், பழசுல ஏறாது, அதனால நீங்களே போட்டுடறது நல்லது. ஆனா பிஹேண்டில்ல (ஒரு நோடு இன்னொரு நோட குறிக்கிற எண்) கை காட்டற நோடுக்கு எந்த வெர்ஷன்லயும் தானா ஏறாது. டேக்க லினக்ஸ்ல இருந்து எடுத்த டிடிஎஸ்ஸுக்குள்ள கலக்காதீங்க, அதே பேரோட கடைசில -யூ-பூட்.டிடிஎஸ்ஐ-ன்னு ஒரு ஃபைல் வெச்சா பில்ட் சிஸ்டம் தானா இன்க்ளூட் பண்ணிக்கும், அங்க எழுதுங்க. நாளைக்கு டிடிஎஸ் அப்டேட் ஆனா உங்க மாத்தம் அடிபடாது.

வெட்டுனதுக்கு அப்புறம் என்ன மிச்சம்னு கண்ணால பாத்துடுங்க, எஸ்பிஎல் ஃபோல்டர்ல இருக்கிற யூ-பூட்-எஸ்பிஎல்.டிடிபி-ய டிடிசி (டிவைஸ் ட்ரீ கம்பைலர்) வெச்சு திருப்பி டிடிஎஸ்ஸா மாத்துனா ஒரு பக்கம் ரெண்டு பக்கத்துக்கு மேல வராது. யூஆர்ட் நோடு இருக்கா, பஸ் நோடுல கம்பாட்டிபிள் இருக்கா, கிளாக்ஸ் ப்ராப்பர்ட்டி இருக்கா.

கிளாக்ஸ் ப்ராப்பர்ட்டி இல்லன்னா ஓஎஃப்_எஸ்பிஎல்_ரிமூவ்_ப்ராப்ஸ்-ஐ பாருங்க. இது ஒரு ஸ்ட்ரிங், எஸ்பிஎல் டிடிபில இருந்து எந்தெந்த ப்ராப்பர்ட்டிய கழட்டணும்னு ஒரு பட்டியல். டிஃபால்ட் புத்திசாலித்தனமாத்தான் இருக்கு, எஸ்பிஎல்_சிஎல்கே-யும் எஸ்பிஎல்_பின்கன்ட்ரோலும் ஆன்னா இன்டரப்ட் சம்பந்தப்பட்டத மட்டும் கழட்டும், ரெண்டும் ஆஃப்னா பின்கன்ட்ரோல்-0, கிளாக்ஸ், கிளாக்-நேம்ஸ் எல்லாத்தையும் கழட்டும். வம்பு எங்கன்னா, நீங்க காப்பி அடிச்ச டெஃப்கான்ஃபிக்ல இந்த ஸ்ட்ரிங்க யாராவது நேரா எழுதி வெச்சிருப்பாங்க, அப்புறம் நீங்க எஸ்பிஎல்_சிஎல்கே-ய ஆன் பண்ணாலும் அந்த எழுதி வெச்ச ஸ்ட்ரிங்தான் ஜெயிக்கும், கிளாக் டிரைவர் இருக்கும், கிளாக் நோடு இருக்கும், யூஆர்ட்டுக்கு மட்டும் கிளாக் எதுன்னே தெரியாது. டெஃப்கான்ஃபிக்ல இருந்து அந்த வரிய எடுத்துட்டு டிஃபால்ட்ட விடுங்க, அதுவே சரியா பாத்துக்கும்.

ரிக்வயர்_சீரியல்_கன்சோல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, சீரியல் டிரைவர் கெடைக்கலன்னா பேனிக் ஆகி "நோ சீரியல் டிரைவர் ஃபவுண்ட்"னு சொல்லும். எந்த கன்சோல்ல சொல்லும்னு கேக்காதீங்க. அந்த மெசேஜ் கண்ணுல படணும்னா டீபக்_யூஆர்ட் ஆன்ல இருக்கணும், அது டிரைவர் மாடலுக்கு வெளிய, பேஸ் அட்ரஸயும் கிளாக்கயும் கான்ஃபிக்லயே குடுத்து நேரா ரெஜிஸ்டர்ல எழுதறது. டீபக்_யூஆர்ட்_பேஸ், டீபக்_யூஆர்ட்_கிளாக், ரெஜிஸ்டர் 4 பைட் இடைவெளில இருந்தா டீபக்_யூஆர்ட்_ஷிஃப்ட் 2. பிரிங்கப்புக்கு முதல் வேலையா இத செட் பண்ணிடுங்க, மத்த எல்லா டீபக்கும் இதுக்கு அப்புறம்தான்.

மெமரி பத்தாம போறது

நோடு கூட்டிக்கிட்டே போனா ஒரு நாள் "இனிட்கால் ஃபெயில்டு", எர்ரர் -12-ன்னு வந்து நிக்கும், இல்ல எஸ்பிஎல் சத்தமில்லாம தொங்கிடும். -12-ன்னா மெமரி இல்ல. ரீலொகேஷனுக்கு முன்னாடி டிரைவர் மாடல் எடுத்துக்கற மெமரி எல்லாம் சிஸ்_மாலாக்_எஃப்_லென்-ல நீங்க குடுக்கற சின்ன ஒரு துண்டுல இருந்துதான் வரும். ரொம்ப பழைய டிஃபால்ட் ஹெக்ஸ்ல 400, வெறும் 1 கேபி, அதுல சீரியல் ஒண்ணுதான் உக்காரும். ஹெக்ஸ்ல 2000, அதாவது 8 கேபி, இப்ப பல போர்டுக்கு போதும். எஸ்பிஎல்லுக்கு எஸ்பிஎல்_சிஸ்_மாலாக்_எஃப்_லென் தனி ஆப்ஷன், மெயின் யூ-பூட்டுக்கு ஏத்திட்டு இத ஏத்தாம விட்டா பிரச்சனை அங்கயே இருக்கும்.

சும்மா பெருசா வெச்சுட்டா என்னன்னா, டிராம் எந்திரிக்கறதுக்கு முன்னாடி இந்த துண்டு எஸ்ராம்ல (சிப்புக்குள்ளயே இருக்கிற சின்ன மெமரி), ஸ்டாக் பக்கத்துலயே இருக்கு. இத பெருக்குனா ஸ்டாக்குக்கு இடம் குறையும், ஸ்டாக் வழிஞ்சு டேட்டா மேல ஏறினா வர்ற கோளாறுக்கும் டிரைவர் மாடலுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், தேடி மாளாது. இன்னொண்ணு, அந்த நேரத்துல இருக்கிற மாலாக் சிம்பிள் வகை, ஃப்ரீ பண்ணாலும் மெமரி திரும்பி வராது, அதனால ஒரு டிவைஸ் ப்ரோப் ஃபெயிலாகி மறுபடி மறுபடி ட்ரை பண்ணுற கோடு இருந்தா துண்டு கரைஞ்சுக்கிட்டே போகும்.

எவ்வளவு தின்னுதுன்னு பாக்க எஸ்பிஎல்_டிஎம்_ஸ்டாட்ஸ் ஆன் பண்ணுங்க, எஸ்பிஎல் அடுத்த ஸ்டேஜுக்கு தாவுறதுக்கு முன்னாடி கணக்கு சொல்லும். மெயின் யூ-பூட்ல டிஎம்_ஸ்டாட்ஸ் போட்டு டிஎம் மெம் கமாண்ட். பாத்துட்டு ஆஃப் பண்ணிடலாம். மெமரி கொறைக்க சுலபமான வழி ஆப்ஷன்ல இல்ல, டேக்ல இருக்கு. எல்லா நோடுக்கும் பூட்பிஹெச்-ஆல் போட்டு வெச்சிருக்கறவங்க எஸ்பிஎல்லுக்கு வேணாத ஈதர்நெட், டிஸ்ப்ளேவ எல்லாம் அங்க இழுத்து வெச்சிருப்பாங்க.

எஸ்டி கார்டுல இருந்து பூட்

சீரியல் வந்துட்டா அடுத்து எம்எம்சி, அதாவது எஸ்டி கார்டு, இஎம்எம்சி பக்கம். எஸ்பிஎல்_எம்எம்சி, எஸ்பிஎல்_டிஎம்_எம்எம்சி, உங்க கன்ட்ரோலர் டிரைவர், நோடுக்கு டேக். கார்டு டிடெக்ட் ஜிபிஐஓல இருந்தா எஸ்பிஎல்_ஜிபிஐஓ-வும் எஸ்பிஎல்_டிஎம்_ஜிபிஐஓ-வும். விஎம்எம்சி-சப்ளைன்னு ரெகுலேட்டர கை காட்டியிருந்தா அந்த ரெகுலேட்டர் எஸ்பிஎல்லுக்கு உண்மையிலயே வேணுமான்னு முதல்ல யோசிங்க, கார்டுல இருந்துதான் எஸ்பிஎல்லே வந்திருக்குன்னா கார்டுக்கு கரண்ட் ஏற்கனவே இருக்கு.

"எம்எம்சி டிவைஸ் 0 நாட் ஃபவுண்ட்", கூடவே எர்ரர் -19, இது அடிக்கடி வர்ற கேஸ். டிவைஸே பைண்ட் ஆகாம இருக்கலாம், அதுக்கு மேல சொன்ன மூணையும் வரிசையா பாத்தா போதும். இல்லன்னா நம்பர் மாறியிருக்கலாம். டிஎம்_சீக்_அலயஸ் ஆன்ல இருந்தா அலயசஸ் நோடுல எம்எம்சி0, எம்எம்சி1-ன்னு சொன்ன நம்பர் அப்படியே கிடைக்கும். எஸ்பிஎல்_டிஎம்_சீக்_அலயஸ் டிஃபால்ட்டா ஆஃப், அப்ப பைண்ட் ஆன வரிசைல நம்பர் விழும். மெயின் யூ-பூட்ல எஸ்டி கார்டு 1, எஸ்பிஎல்ல அதே கார்டு 0, பூட் ஆர்டர் கோடு 1-ஐ தேடிக்கிட்டு நிக்கும். ரெண்டு ஸ்டேஜ்லயும் நம்பர் ஒத்துப் போகணும்னா எஸ்பிஎல்லுக்கும் அத ஆன் பண்ணிடுங்க, அதிக இடம் எடுக்காது.

எர்ரர் நம்பர் பேசறது

-2 வந்தா டிவைஸ் ட்ரீல ஏதோ ப்ராப்பர்ட்டியோ நோடோ கெடைக்கல. -22 வந்தா பெரும்பாலும் ரெக் ப்ராப்பர்ட்டி, இல்ல அட்ரஸ் ட்ரான்ஸ்லேட் பண்றதுல கோளாறு, எஸ்பிஎல்ல எஸ்பிஎல்_ஓஎஃப்_ட்ரான்ஸ்லேட் ஆஃப்ல இருந்து உங்க பஸ்ல ரேஞ்சஸ் நிஜமா அட்ரஸ் மாத்துதுன்னா டிரைவருக்கு தப்பான அட்ரஸ் போகும். -96 வந்தா சந்தோஷப்படுங்க, அது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான், டிரைவர் இருக்கு, அது கேக்கற யூகிளாஸ் கம்பைல் ஆகல. சோர்ஸ் கோடுலயே இந்த கேஸ சுலபமா கண்டுபிடிக்கத்தான் இப்படி விசித்திரமான எர்ரர் வெச்சிருக்கோம்னு கமெண்ட் இருக்கும். டிஎம்_வார்ன் ஆன்ல இருந்தா எந்த நம்பர் யூகிளாஸ்னு வார்த்தையாவே சொல்லிடும்.

ஒண்ணுமே சொல்லாம டிவைஸ் காணோம்னா கம்பாட்டிபிள் மேட்ச் ஆகலன்னு அர்த்தம், டிஎம் கம்பாட் போட்டு ஸ்ட்ரிங்க எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்க, அப்படியே நோடுல ஸ்டேட்டஸ் டிஸேபிள்டுன்னு இல்லையான்னும். இன்னும் ஆழமா போகணும்னா லாக் ஆன் பண்ணி, லாக்_மேக்ஸ்_லெவல ஏத்தி, சந்தேகப்படற ஃபைலோட முதல் வரில லாக்_டீபக்-ஐ டிஃபைன் பண்ணுங்க, அந்த ஃபைல் மட்டும் பேசும். ஃபுல் சிஸ்டத்தயும் பேச விடறத விட இது ஆயிரம் மடங்கு மேல்.

எஸ்ராம்ல அடங்கலன்னா

எல்லாம் ஆன் பண்ணி முடிச்சதும் லிங்கர் வந்து ரீஜன் ஓவர்ஃப்ளோ, இத்தன பைட் ஜாஸ்தின்னு சொல்லும். எதக் கழட்டறதுங்கிறதுக்கு என் வரிசை இது. முதல்ல எஸ்பிஎல்_டிஎம்_வார்ன், பிரிங்கப் முடிஞ்சிருந்தா. அடுத்து டிஎம்_எஸ்டிடிஐஓ, எஸ்பிஎல்ல எஸ்டிடிஐஓ வழக்கமா யாரும் தொடறதில்ல. அடுத்து எஸ்பிஎல்_டிஎம்_டிவைஸ்_ரிமூவ். கடைசி ஒண்ண மெயின் யூ-பூட் பக்கம் இருக்கிற டிஎம்_டிவைஸ்_ரிமூவோட குழப்பிக்காதீங்க, அத ஆஃப் பண்ணா புடுங்கின யூஎஸ்பி டிவைஸ் ட்ரீலயே தங்கிடும், லினக்ஸுக்கு தாவுறப்ப யூஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலர நிறுத்தாமலே தாவும், டிஎம்ஏ (சிபியு இல்லாம டிவைஸே நேரா மெமரில எழுதறது) ஓடிக்கிட்டே இருந்து கெர்னல் மெமரில எழுதி வெச்சா யாரு கண்டுபிடிக்கறது.

இன்னும் பத்தலன்னா எல்டிஓ (லிங்க் பண்ற நேரத்துல கோட சுருக்கறது) ஆன் பண்ணி பாருங்க, எஸ்பிஎல்_யூஸ்_டைனி_பிரிண்ட்எஃப் பாருங்க, இதுல சில ஃபார்மேட் பிரிண்ட் ஆகாதுங்கிறது மட்டும் ஞாபகம் வேணும். அதுவும் பத்தாத சின்ன சிப்புன்னா எஸ்பிஎல்_ஓஎஃப்_பிளாட்டேட்டா. டிடாக்னு ஒரு டூல் பில்ட் நேரத்துலயே டிடிபிய படிச்சு சி ஸ்ட்ரக்சரா மாத்தி பைனரிக்குள்ள வெச்சுடும், எஸ்பிஎல்ல டிடிபியும் வேணாம், அத படிக்கிற லிப்எஃப்டிடியும் வேணாம், தம்ப்-2 கோடுல லிப்எஃப்டிடி மட்டுமே 3 கேபி கிட்ட வரும், டிடிபியோட சைஸ் அதுக்கு மேல. ஆனா உங்க டிரைவர் ஒவ்வொண்ணும் அந்த ஸ்ட்ரக்சர படிக்கத் தெரிஞ்சிருக்கணும், கோடு எழுதற வேலை அது, மெனுகான்ஃபிக்ல டிக் அடிக்கற வேலை இல்ல. 32 கேபிக்குள்ள டிராம் இனிட்டோட அடக்கணும்னு நிலைமை வந்தா ஒழிய அந்தப் பக்கம் போகாதீங்க, அதுக்கு முன்னாடி டேக் போட்ட நோட எண்ணி பாதிய கழட்ட முடியுதான்னு பாருங்க, பெரும்பாலும் முடியும்.